சுத்தம் கூடிப்போன குற்றம்

செவிலியர் பதிவு வாரியத்துக்கு ஒரு கொள்கை உண்டு. தவறு செய்தவர் திருந்தலாம், தடையில்லை. ஆனால் வாரியம் நம்புகிற மாதிரி திருந்த வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பூக்கை சிஸ்டர் நாலு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள்.

பூக்கை என்பது குழந்தைகள் வார்டில் வைத்த பெயர். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது. அழுவதற்கென்று வாயைத் திறந்த பிள்ளை, "அவ்ளோதானா?" என்று ஏமாந்து மூடிக்கொள்ளும். ஆள் குறைவென்று பெரியவர்கள் வார்டுக்கு அனுப்பிய ஒரு நாள், கனத்த உடம்புக்காரர் ஒருவரைத் தூக்கப்போய் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலி மாத்திரை எழுதினார். ஒரு மாதத்தில் வலி போய்விட்டது. மாத்திரை போகவில்லை. பிறகொரு நாள் ஊசி பிடித்த கை லேசாக நடுங்கி, ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுவிட்டது. அன்றைக்கே வாரியத்துக்குப் போய்த் தானாகவே சொல்லிவிட்டாள்.

தானாக வந்து சொன்ன ஆளை வாரியம் அதுவரை கண்டதில்லை. அதற்குப் படிவமும் இல்லை. பிடிபட்டவர்களுக்கான படிவத்தைக் கொடுத்து, 'கையும் களவுமாகப் பிடித்தவர் பெயர்' என்ற இடத்தில் அவள் பெயரையே எழுதச் சொன்னார்கள்.

அன்று முதல் உரிமம் நிறுத்தம். தினம் காலை ஆறு மணிக்கு ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். 'வரவும்' என்றால் போய் ஒரு டப்பாவில் சிறுநீர் கொடுக்க வேண்டும். எதிரே ஓர் அம்மாள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். நாலு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு டப்பா. ஒன்றிலும் ஒன்றுமில்லை.

இன்றைக்கு இறுதி விசாரணை. முத்திரை விழுந்தால் திங்கட்கிழமை வார்டுக்குப் போகலாம். விழாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு அவளுக்காக வைத்திருக்கும் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

செயலாளர் அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "உங்க கடைசி மாதிரியில சந்தேகத்துக்கு இடமான விஷயம் ஒண்ணு இருக்கு."

"மருந்து இருந்துச்சா மேடம்?"

"இல்ல. எதுவுமே இல்ல. அதான் சந்தேகம். தண்ணி மாதிரி தெளிவா இருக்கு."

"தண்ணிதான் மேடம். கடைசி டெஸ்டாச்சேடி, உள்ளெல்லாம் கழுவிட்டுப் போன்னு எங்கம்மா ஒரு ஜக்கு தண்ணியைக் குடிக்க வச்சுட்டாங்க."

"உங்கம்மா வாரியத்துல பதிவு பண்ணவங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எந்த அதிகாரத்துல தண்ணி குடுத்தாங்க?"

 அது அம்மாவுக்கே தெரிந்திருக்காது.

ஆய்வக நிபுணர் தொண்டையைச் செருமினார். "எவ்வளவு தெளிவு வரைக்கும் நியாயமான தெளிவுன்னு முதல்ல முடிவு பண்ணணும். ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒருத்தரோட மாதிரி வேணும்."

"அதுக்கென்ன, இங்கேயே மூணு பேர் இருக்கோமே!" என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செயலாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தூக்கம் வர்றதில்ல," என்றார் செயலாளர் அம்மாள் மெதுவாக. "ஒரு மாத்திரை. முழுசாக்கூட இல்ல, முக்கால்."

"எனக்கு இருமல் சிரப்," என்றார் நிபுணர்.

"இருமலா? கேட்டதே இல்லையே."

"இருமல் நின்னு ஆறு மாசமாச்சு."

இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவரின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. "நேரமாகுது, தீர்மானத்தை எழுதுங்க," என்றார்.

தீர்மானம் எழுதப்பட்டது. இக்கட்டடத்தில் காகித ஆதாரத்தோடு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் மேற்படி செவிலியர் ஒருவரே என்பதாலும், அவரது மாதிரியை அவரது மாதிரியோடு ஒப்பிட்டதில் ஒத்துப்போவதாலும், அன்னாரின் சிறுநீரே இனி இவ்வாரியத்தின் நிரந்தர அளவுகோல் என ஏகமனதாக முடிவு செய்யப்படுகிறது. உரிமம் திருப்பி வழங்கப்படுகிறது.

முத்திரை 'டப்'பென்று விழுந்தது. பூக்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலையில போன் பண்ண மறந்துடாதீங்க," என்றார் செயலாளர் அம்மாள்.

"இன்னுமா மேடம்?"

"அளவுகோல் கெட்டுப்போகக் கூடாதில்லம்மா?"

வெளியே நடைவழியில், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் தலைவர் தனியாக நின்றிருந்தார். கையில் கண்ணாடித் தம்ளர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"சிஸ்டர், எனக்கும் இடுப்பு வலி. அதாவது, வலி போய் ரெண்டு வருஷமாச்சு. நீங்க எப்படிம்மா விட்டீங்க?"

ஊசி போடப்போகும் பிள்ளையைப் பார்ப்பது போல அவள் அவரைப் பார்த்தாள். "தனியா முடியாது சார். வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட சொல்லணும். அப்பவே பாதி இறங்கிடும்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்ககிட்டதான் சார். வாரியத்துல."

"சொன்னதும்?"

 அவள் இடுப்பில் இடுக்கியிருந்த தன் கேஸ் ஃபைலை எடுத்துக் காட்டினாள். நாலு வருஷக் கனம்.

தலைவர் அதைப் பார்த்தார். விசாரணை அறைக் கதவைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு, தம்ளர்த் தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் பிடித்தார்.

"போதும் சார்," என்றாள் பூக்கை, அவர் தோளை மெல்லத் தொட்டு. "ரொம்பக் குடிக்காதீங்க. சந்தேகப்படுவாங்க."