இருசப்பன் மார்பில் இருந்த கொடி

இதை எனக்கு முதலில் சொன்னது ஜெயம்மாள். ஒரு சர்க்கார் ஆபீஸில் பானைக்குத் தண்ணீர் ஊற்றி, மேஜை துடைக்கிறவள். இந்த எண்பதாம் வருஷம் பங்குனியில், போன சனிக்கிழமை, பெருமாள் கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டி நின்றபோது சொன்னாள். எந்த ஆபீஸ் என்று நான் எழுத மாட்டேன். உத்திரமேரூர்ப் பக்கம், கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவு போதும். கோயிலில் கேட்டதைக் கூட்டிச் சொன்னால் பாவம். அதனால் கூட்டாமலே சொல்கிறேன்.

இருசப்பனுக்குச் சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது. அப்பன் காலத்திலிருந்து முத்துவேல் வீட்டுக் கழனியில் வேலை. அந்தக் கழனி ஓரத்திலேயே குடிசை. போன வருஷம் முத்துவேல் அந்த இடத்தில் பம்புசெட்டுக்கு ஷெட் கட்டப் போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சித்திரை பிறந்ததும் பிரித்துக்கொள், மூங்கிலை நீயே எடுத்துக்கொள் என்று தாராளமாகவே சொன்னார். அதே சமயத்தில் நிலமில்லாதவர்களுக்கு மூன்று சென்ட் மனையும் பட்டாவும் தருவதாகத் தண்டோரா போட்டார்கள். இருசப்பன் மனு கொடுத்தான். பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. நேரில் போய்க் கைநாட்டு வைத்தால் பட்டா கையில்.

ஆபீஸுக்குப் போக நல்ல துணி வேண்டுமே. அவன் பெண்டாட்டி செங்கேணியின் அக்கா பவளம் மாதாகோயிலுக்குப் போகிறவள். அமெரிக்காவிலிருந்து கோயிலுக்குப் பழைய துணி மூட்டை வந்தபோது அவளுக்கு ஒரு பனியன் கிடைத்தது. தங்கை புருஷனுக்கு இருக்கட்டும் என்று கொடுத்தாள். மார்பில் சிவப்பாக ஒரு கொடி. மூலைக்கு மூலை இரண்டு நீலப் பட்டை, பெருக்கல் குறி மாதிரி. பட்டைக்குள் வெள்ளை நட்சத்திரங்கள். செங்கேணி எண்ணிப் பார்த்தாள், பதின்மூன்று. நட்சத்திரம் நல்லதுதானே என்று துவைத்து, சொம்பில் நெருப்பு அள்ளிப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசர் பாண்டுரங்கன் பட்டாவில் முத்திரை குத்தக் கையைத் தூக்கினார். பனியனைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே நின்றது. எலெக்ஷன் வரப்போகிற நேரம்.

"இது எந்தக் கட்சிக் கொடிய்யா?"

"கட்சி இல்ல சார். பனியன்."

"பனியன்னு எனக்கும் கண்ணு தெரியுது. கொடி யாருது?"

"மூட்டைல வந்துது சார்."

"மூட்டைன்னு ஒரு கட்சி கீதா, கோபால்?"

குமாஸ்தா கோபால் பட்டியலை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் பார்த்து, இல்லை என்றார். அங்கீகரிக்கப்பட்ட கொடி என்றால் கழற்றிவிட்டு வா என்று சொல்லலாம். தடை செய்யப்பட்ட கொடி என்றால் போலீஸிடம் சொல்லலாம். இரண்டிலும் சேராத கொடியைக் கோப்பில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 'மேற்படி மனுதாரரின் மார்பில் காணப்பட்ட, இன்னாருடையது என அறியப்படாத கொடி குறித்து' என்று தலைப்பிட்டு ஒரு கோப்பு பிறந்தது. பனியன் சான்றுப் பொருள் ஆயிற்று. பட்டாவும் அதனோடு சேர்ந்து சிவப்பு நாடாவுக்குள் போயிற்று. இருசப்பன் துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மேலிடத்துக்கு அனுப்பக் கொடியின் மாதிரி மூன்று பிரதி தேவைப்பட்டது. காகிதத்தில் வரையலாம் என்றார் ஆபீசர். துணியில் இருந்ததைக் காகிதத்தில் காட்டியது ஏன் என்று விளக்கம் கேட்பார்கள் என்றார் கோபால். முன்யோசனை உள்ள மனுஷர். அதனால் டெய்லர் சேட்டுவிடம் துணியிலேயே மூன்று கொடி தைக்க ஆர்டர் போயிற்று. சேட்டு இரண்டு நாளில் தைத்துக் கடை வாசலில் மாட்டிவிட்டான். அதை வாங்கிப்போக ஆபீஸிலிருந்து ஆள் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று.

அந்தப் பதினெட்டு நாளும் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். என்னாது அது என்று கேட்டவர்களிடம் சேட்டு, சர்க்கார் ஆர்டர், பாரின் டிசைன் என்றான். இரண்டிலும் பொய் இல்லை.

பொங்கலுக்குள் ஊரே கொடி கட்டிவிட்டது. சட்டைப் பையில் கொடி, முதுகில் கொடி. முத்துவேல் மகன் மோட்டார் சைக்கிள் டாங்கில் ஒட்டிக்கொண்டான். ஆபீசர் மகன் பெல்பாட்டத்தில் முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு வைத்துக்கொண்டான். ஆபீசர் சம்சாரம் அம்முலு தலையணை உறைக்குத் தைக்கக் கொடுத்தாள். இருசப்பன் தெருவிலும் பண்டிகைக்கு எடுத்த ஒரே சட்டை கொடி வைத்த சட்டைதான். கொடி வேண்டாம் என்று சொன்னவர்களை, ஏன், ஊரோடு ஒத்துப்போக மாட்டாயா என்று சேட்டு ஒரு மாதிரி பார்த்தான்.

இருசப்பன் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆபீஸ் வேப்பமரத்தடியில் போய்க் குந்தினான். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. முத்துவேல் வீட்டு ஆட்கள் குடிசையைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். செங்கேணி கூரை மூங்கிலை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

மாசியில் ஆபீசருக்கு அமெரிக்காவிலிருந்து மச்சினன் கடிதம் வந்தது. கொடியை வரைந்து கேட்டிருந்தார் போலிருக்கிறது. அங்கே நூறு வருஷத்துக்கு முன்னால், பெரிய நிலக்காரர்கள் ஆட்களை விலைக்கு வாங்கிப் பருத்திக் காட்டில் வேலை வாங்கினார்களாம். அது கூடாது என்று சொல்ல வந்தவர்களோடு சண்டை போட்டபோது பிடித்த கொடி இது. நிலக்காரர்கள்தான் தோற்றுப்போனார்கள். இப்போது பையன்கள் பெல்ட்டிலும் தொப்பியிலும் காரிலும் போட்டுக்கொள்கிறார்கள், ஏன் என்றால் ஸ்டைல் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். இதைப் பார்த்தால் இன்னும் தெரு மாறிப் போகிற ஜனங்களும் அங்கே இருக்கிறார்களாம். அவர்களை யாரும் கேட்டுக்கொண்டு தைக்கவில்லை.

இருசப்பனை உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்துக் குடிசை முனிரத்தினத்திடம் இரவல் வாங்கிய சட்டையைப் போட்டிருந்தான். அதிலும் கொடி. ஆபீசர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். இருசப்பன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"ஆளுங்கள வெலைக்கா சார்?"

"ஆமா."

"சண்டை முடிஞ்சப்பால அந்த ஆளுங்களுக்குப் பட்டா குடுத்தாங்களா சார்?"

ஆபீசர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் இதுல எழுதல. நீ நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இந்தக் கொடி யாருது?"

"நெலக்காரங்களுது, நீங்கதான் சார் சொன்னீங்க."

"அத நெஞ்சுல போட்டுக்கினு வந்தவன் யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப நீ யாரு?"

இருசப்பன் யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தவரை அவன் இருசப்பன்தான்.

"நிலக்காரங்க கொடிய ஒரு தபா இல்ல, ரெண்டு தபா போட்டுக்கினு வந்துகீற. நிலமில்லாதவன்னு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

"ஒங்க புள்ளகூடப் போட்டுக்கினு கீறாரு சார். முட்டில."

ஆபீசர் இதற்கு முகம் கோணவில்லை. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொன்னார். "அவன் போடலாம். எங்களுக்குத்தான் தென்னேரில நிலம் கீதே."

முத்துவேல் மகனுக்கும் அதே சட்டப்படி ஆட்சேபணை இல்லை. அப்படியானால் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு நிற்கட்டுமா என்று இருசப்பன் கேட்டான். அரசு அலுவலகத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்று கோபால் அதட்டினார். கடைசியில் உத்தரவு எழுதப்பட்டது: 'மனுதாரர் நிலமற்றவர் என்பது பார்த்த மாத்திரத்தில் ஐயமற விளங்கும் வண்ணம், கொடி ஏதுமற்ற, கண்ணியமான சட்டை அணிந்து, பங்குனி கடைசிச் செவ்வாய்க்கிழமை ஆஜராக வேண்டியது. தவறினால் பெயர் நீக்கப்படும்.'

அன்றிலிருந்து இருசப்பன் வெறும் சட்டை தேடுகிறான். அவன் தெருவில் இல்லை. சேட்டு கையில் வேலை அதிகம், சித்திரைக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறான். மேல்தெருவில் வெள்ளைச் சட்டைக்குப் பஞ்சமில்லை. இருசப்பன் போட்ட சட்டையைத் திரும்ப வாங்கிப் போடுகிறவர்கள்தான் இல்லை. சும்மா கொடுத்துவிடலாமே என்றால், இன்று சட்டை கொடுத்தால் நாளைக்கு என்ன கேட்பானோ என்கிறார்கள்.

என் பெட்டியிலும் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டை நான்கு, மடித்தபடி இருக்கிறது. ஒன்றை வெளியே எடுத்தேன். தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று உள்ளேயே வைத்துவிட்டு, அவனுக்காக இரண்டு வேளையும் விளக்கேற்றிப் பெருமாளை வேண்டிக்கொண்டு வருகிறேன்.

உங்களிடம் கொடி இல்லாத வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தால், திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் ஜெயம்மாளிடம் கொடுத்துவிடுங்கள். முப்பத்தாறு சைஸ். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.