நாற்பத்திரண்டு குறைகளும் ஒரு பென்டிரைவும்

இந்த அநியாயத்தைக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் கணினிகள் அனைத்தையும் பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டிக் காப்பவன் நான். பென்டிரைவைக் கழற்றுமுன் கணினியிடம் முறைப்படி விடைபெற வேண்டும். அதற்கு அன்மவுண்ட் என்று பெயர். என் வீட்டிலோ, முள்ளைப் பிடுங்குவதுபோல் வெடுக்கென்று பிடுங்குகிறார்கள். ஆகவே சென்ற வாரம் கூடத்துக் கணினிக்கு மேலே, சுவரில் ஓர் ஆணை ஒட்டினேன்: ‘எவரேனும் கோப்பைத் திறந்து வைத்திருக்கையில் பென்டிரைவைக் கழற்றலாகாது. மீறினால் உள்ளிருப்பவை பாழாகும்.’

மனைவி அதை இருமுறை படித்தாள்.

“இது உங்களுக்கும் சேர்த்துத்தானே?”

“சட்டம்னா எல்லாருக்கும்தான்.”

“சரிங்க.”

அந்தச் ‘சரிங்க’விலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நேற்று மாலை என் பென்டிரைவைச் செருகிவிட்டு முகம் கழுவச் சென்றேன். அதில் மேலதிகாரிக்குத் தரவேண்டிய ஆண்டறிக்கை இருந்தது. வேறு பிரதி இல்லை. பிரதி எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். கூடவே, மதிய இடைவேளைகளில் பாடுபட்டு எழுதிய ‘இல்லாளின் குறைகள்: நாற்பத்திரண்டு’. என் மன ஆறுதலுக்காக மட்டும் எழுதியது.

சோப்பு நுரையோடு ஓர் உண்மை உறைத்தது. கூடத்துக் கணினியில் எதைச் செருகினாலும் அவளுடைய மடிக்கணினியிலும் தெரியும். அப்படி அமைத்துக் கொடுத்த மேதையும் நானே! ஓடிவந்து அன்மவுண்ட் செய்தேன். கணினி மறுத்தது: ‘பயன்பாட்டில் உள்ளது.’

படுக்கையறையை எட்டிப் பார்த்தேன்.

“என்னம்மா பண்ற?”

“படிக்கிறேங்க. பதினேழாவதுல இருக்கேன். நான் தர்ற காபி ஆறிப்போய் இருக்காமே.”

“அதை மூடு. பென்டிரைவைக் கழட்டணும்.”

“நான்தான் திறந்து வச்சிருக்கேனே. சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.”

“எழுதினவனே நான்தான்.”

“அதனாலதான் சொல்றேன். உங்க ரிப்போர்ட்டும் உள்ளதானே இருக்கு? பாழாயிடப் போகுது.”

பிடுங்கிவிடக் கை நீண்டது, ஆண்டறிக்கை தடுத்தது. என் வீட்டில், என் கணினியின் முன்னால், என் சட்டத்துக்கே கட்டுப்பட்டு முக்கால் மணி நேரம் நின்றேன். இப்படியோர் அக்கிரமம் எங்கேனும் உண்டா?

“படிக்க இவ்வளவு நேரமா?”

“படிச்சு அப்பவே முடிச்சாச்சு. எழுதிட்டிருக்கேன்.”

ஒருவழியாக மூடினாள். நான் திறந்தேன். அறிக்கை பத்திரமாக இருந்தது. குறைகளும் இருந்தன, நாற்பத்திரண்டுக்கும் நேரே ஒரே பதில்: ‘நாளை முதல் நீங்களே செய்துகொள்ளவும்.’

இன்று காலைக் காபியை நானே போட்டேன். ஆறித்தான் இருந்தது.