ஈசான மூலை

தான் நடத்திய பாடம் தன் வீட்டுக்குள் வராது என்று நம்புவது ஆசிரியர்களின் பொதுக் குணம். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். சாய்தளம் எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

ஓய்வுபெற்றதும் சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் கட்டிய அடுக்ககத்தில் ஒரு வீடு பார்த்தோம். என் மனைவி கிரேஸுக்கு முழங்கால் தேய்மானம். அவள் கேட்டவை இரண்டே: லிப்ட், சமதரை.

"முன்பணம் குடுக்க முன்னால ஒரு இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து காட்டிருவமா?" என்றாள்.

என் பட்டங்களுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. நானே சுவர்களை விரலால் தட்டினேன்; குழாய்களைத் திறந்து மூடினேன்; மேற்கூரையை அண்ணாந்து ஆராய்ந்தேன். (தரையைப் பார்க்கவில்லை. அது கீழே இருந்தது.) கட்டடம் உறுதியானது என்று தீர்ப்பளித்தேன்.

வீட்டுப் பிரதிஷ்டையன்று போதகர் ஜெபத்தைத் தொடங்கியபோது என் கையில் லட்டுத் தட்டு இருந்தது. பக்தியோடு தலை குனிந்தேன், தட்டும் குனிந்தது. ஒரு லட்டு கீழே விழுந்து உருளத் தொடங்கியது. விருந்தினர் கால்களுக்கிடையே அவசரமின்றிப் போய், ஹாலைக் கடந்து, வடகிழக்கு ஜன்னலடியில் சுவரை முட்டி நின்றது. சரியாக அப்போதுதான் போதகர் ஆமென் சொன்னார். சபை முழுவதும் கண்ணைத் திறந்தே ஜெபித்திருக்கிறது என்பது சிரிப்பில் தெரிந்தது.

கட்டியவரும் வந்திருந்தார். சற்றும் அசரவில்லை. "ஈசான மூலை தாழ்வா இருக்கது நல்லதுல்லா சார். வாஸ்து பாத்து வச்சது."

கிரேஸின் தம்பி தங்கராஜ், "நாங்க வேதக்காரங்கல்லா அண்ணாச்சி?" என்றான்.

"வேதக்காரங்களுக்கும் ஈசானம் அங்கனதான இருக்கு?"

எல்லாரும் போனபின் கிரேஸ் சுவரைப் பிடித்தபடி சமையலறைக்கு நடந்தாள். "இவ்வளவு வருசம் போர்டுல வரைஞ்சிய. இனி அதுலயே குடியிருங்க."

தளத்தை மாற்றிப் போடுவதென்றால் மாதக்கணக்கில் வேறு வீடு போக வேண்டும். அவள் முழங்கால் இன்னொரு மாடிப்படிக்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே, மட்டமான தரைக்கு ஆசைப்பட்டவள் சரிவில் நடந்தாள். நடக்க முடியாதபோது சக்கர நாற்காலிக்கு வந்தாள். பிரேக் போட மறப்பது என் வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல நகர்ந்து ஜன்னலடிக்குப் போய்விடுவாள். போனில் யார் நலம் கேட்டாலும், "ஈசான மூலையில சுகமா இருக்கேன்" என்பாள். பேனாவோ மாத்திரையோ எது காணாமற்போனாலும், "ஈசான மூலையில பாருங்க" என்பது எங்கள் குடும்ப வழக்காயிற்று. லட்டுக் கதையை உறவினர்கள் இன்றும் எல்லாக் கல்யாண வீடுகளிலும் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் லட்டு சற்றுக் கூடுதல் தூரம் போகிறது.

சென்ற ஆண்டு அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மாலை, தங்கராஜ் ஹாலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அத்தான், அக்கா நாற்காலிய இங்கனதான விட்டுட்டுப் போனோம்?"

அவனே ஜன்னல் பக்கம் திரும்பினான். அது அங்கே சுவரை முட்டி நின்றது. அன்றும் பிரேக் போட மறந்தவன் நான்தான்.