குவாட்டர் கட்டமும் லிட்டர் கட்டமும்

ஒரு எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று அதன் சொந்தக்காரரே வாயால் சொன்ன பிறகும், கிராப் தாளிடம் மறுபடி கேட்ட முட்டாள் இந்த ஏரியோரத்தில் நான் ஒருவன்தான்.

பொன்னேரி காலேஜில் அப்போதுதான் கணக்கு முடித்திருந்தேன். (நான் முடித்தேன் என்பதைவிட, கணக்கு என்னைக் கைகழுவியது என்பதே சரி.) தோணிரேவில் எங்கள் வீட்டில் தம்பி சேகருக்குக் கல்யாணம். பெண் வீடு அக்கரைக் குப்பத்தில். சொந்தபந்தமெல்லாம் முந்தின நாளே போய்விட்டது. மாப்பிள்ளையை விடிந்ததும் படகில் கூட்டிப்போக வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணம். ரோட்டில் போனால் ஏரியையே சுற்ற வேண்டும். முகூர்த்தம் கோவிந்தா.

படகு சித்தப்பாவுடையது. எஞ்சின்தான் கேள்வி. ஊரில் டீசல் தட்டுப்பாடு, குறைவாகக் குடிப்பதைத்தான் மாட்ட வேண்டும். சித்தப்பாவின் பழைய எஞ்சின் பத்து நிமிஷத்துக்கு ஒரு குவாட்டர் பாட்டில் குடிக்கும் என்றார். (அவருக்குத் தெரிந்த அளவு அது ஒன்றுதான்.) என் சிநேகிதன் பஷீரின் புது எஞ்சின் மணிக்கு ரெண்டு லிட்டர்.

சாதாரண மனிதன் ஆறால் பெருக்கியிருப்பான். குவாட்டர் நூற்றெண்பது மில்லி, மணிக்கு ஆறு என்றால் ஒரு லிட்டரும் கொஞ்சமும்; சித்தப்பா எஞ்சின்தான் சிக்கனம் என்று தெரிந்திருக்கும். நான் பட்டதாரி ஆயிற்றே. எங்கள் ஊரில் அந்தக் காலத்து டச்சுக்காரன் கல்லறை மதிலோரம் உட்கார்ந்து ரெண்டு கிராப் போட்டேன். ஒன்றில் ஒரு கட்டம் ஒரு குவாட்டர். இன்னொன்றில் ஒரு கட்டம் ஒரு லிட்டர். சித்தப்பாவின் கோடு ஒரு மணிக்குள் ஆறு கட்டம் ஏறியது. பஷீரின் கோடு ரெண்டே கட்டம், சாதுவாகப் படுத்திருந்தது. பளபளப்பான எஞ்சின் வேறு. மனசும் அந்தப் பக்கமே சாய்ந்தது, அதையே படகில் மாட்டினேன்.

கோடு போட்ட பிறகு லிட்டர் மறந்துவிட்டது, கட்டம் மட்டும் ஞாபகம் இருந்தது. ஒன்றரை மணிக்கு மூன்று கட்டம், ஆபத்துக்கு ஒன்று. கட்டத்துக்கு ஒன்றாக நாலு குவாட்டர் பாட்டில் அளந்து ஊற்றினேன். மிச்சத்தைப் பெருந்தன்மையாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

சித்தப்பா டேங்கை எட்டிப் பார்த்தார். "இன்னாடா, தீர்த்தமா குடுக்கற?"

படகு தள்ளும் கழியையும் ஏற்றப் போனார். நான் விடவில்லை. மாப்பிள்ளைப் படகில் சேற்றுக் கழி இருந்தால் பெண் வீட்டார் சிரிப்பார்கள் என்றேன்.

அரை மணிகூட ஆகவில்லை. நட்ட நடு ஏரியில் எஞ்சின் ரெண்டு தடவை இருமிவிட்டுச் செத்தது. டச்சுக்காரன் காற்றை நம்பிக் கப்பலில் வந்தான், எங்கள் ஊர் வந்து சேர்ந்தான். நான் கட்டத்தை நம்பினேன்.

சட்டைப் பையிலிருந்து கிராப்பை எடுத்து விரித்தேன்.

"கணக்கு கரெக்ட்டு. எஞ்சின்தான் தப்பு பண்ணுது."

"அத அப்பால பேசலாம். எறங்கித் தள்ளு."

இறங்கினேன். நடு ஏரியிலும் இடுப்பளவு தண்ணீர்தான், அடியில் முழங்காலளவு சேறு. கொஞ்ச தூரத்தில் அடிமணல் தட்டிப் படகு உட்கார்ந்துவிட்டது. பாரம் குறைய மாப்பிள்ளையும் இறங்கவேண்டி வந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சேகர் நடந்தான். நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, கோட்டின் சாய்வு என்றால் என்ன என்று அவனுக்கு விளக்கினேன். அவன் நடையை எட்டிப் போட்டான். (இப்போதும் அந்தத் தலைப்பில் பேசமாட்டான்.)

முகூர்த்தம் முடிய மூச்சுவிடும் நேரம் இருந்தபோது கரையேறினோம். இடுப்புவரை கறுப்புச் சேற்றோடு உட்கார்ந்து தாலி கட்டினான். ஐயர் மணையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாராவது வண்டிக்குப் பெட்ரோல் போடப் போனால், "எத்தினி கட்டம்?" என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள். கேட்கட்டும். அந்த ரெண்டு கோடும் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடுகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் ஒரு பிழை இல்லை. எந்தச் சபையிலும் சொல்வேன்.

மறுவீட்டு விருந்திலும் அதைத்தான் சொன்னேன். புதுப்பெண் என் இலையில் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தினாள்.

"கோடு சரின்னா சரியாவே இருக்கட்டும் மாமா. தண்ணில நடந்தது என் புருஷன்."