மாப்பிள்ளையின் கடிகாரமும் என் தலையணையும்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. நான் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று நீங்கள் அழைக்காததால் நம்பத்தான் முடிகிறது, தெரிந்துகொள்ள முடியவில்லை. கடிதத்தின் தலையில் கிழமை போட்டிருப்பதைக் கவனியுங்கள். கிழமை போடாமல் கடிதம் எழுதும் பெண்களை எங்கள் பள்ளி சிஸ்டர்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். நான் ஒருமுறைகூட வெளியே நின்றதில்லை.

ஞாயிறு மாலை தவறாமல் வரும் அழைப்பு நேற்று வரவில்லை. தலை வாரிக்கொண்டு திரைக்கு முன்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னை உங்களோடு கூட்டிக்கொண்டு போவதென்று இருவரும் முடிவுகட்டிவிட்டீர்கள், அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். நான் வரமாட்டேன்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது, பால்கனியில் நின்று உங்கள் மனைவியோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது. (கோபமாக இருக்கும்போது அவள் உங்கள் மனைவி, மற்ற நேரத்தில் என் மகள்.) "உங்கம்மா கொஞ்சம் ஸ்லோ ஆயிட்டாங்க. ஒண்ணு கேட்டா யோசிச்சு யோசிச்சுத்தான் பதில் வருது. இனிமே தனியா விட முடியாது" என்றீர்கள். ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன், என் காதும் நினைவும் எப்படி இருக்கின்றன என்பதற்கு அதுவே போதும்.

அன்று சாயங்காலம்தான் இந்தக் கணினியை என் மேஜைமேல் வைத்து, உங்கள் உத்தியோகம் என்ன என்று எனக்கு விளக்கினீர்கள்.

"ப்ராசஸரோட க்ளாக்கை டைனமிக்கா அட்ஜஸ்ட் பண்றதுதான் அத்தை என் வேலை."

"இதுல என்னைக் கூப்பிட்டதும் 'என் வேலை'ங்கறதும்தான் தமிழ். முழுசாத் தமிழ்ல சொல்லுங்க, இல்ல முழுசா இங்கிலீஷ்ல சொல்லுங்க. ரெண்டையும் கலந்து அடிக்காதீங்க."

நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டீர்கள். "உள்ள ஒரு கடிகாரம் இருக்கு அத்தை. வேலை இருந்தா வேகமா ஓடும். வேலை இல்லேன்னா தானா மெதுவாயிடும். கரண்ட் மிச்சம், சூடும் குறையும்."

"மெதுவாப் போனா கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?"

"சேச்சே. அது சோம்பேறித்தனம் இல்ல, சிக்கனம். வேலைன்னு வந்துட்டா கண் சிமிட்டறதுக்குள்ள முழு வேகத்துக்கு வந்துடும். எங்க திறமையே அந்தத் தாவல்லதான் இருக்கு. உங்க போன்லயும் அதேதான்."

நன்றாகத்தான் விளக்கினீர்கள். ஆனால் கடிகாரம் என்றால் மணி காட்டுவது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கணினியின் மூலையில் மணி காட்டுகிறது. நான் அதைத் தொடுவதே வாரத்துக்கு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் வேலையில்லாமல் கிடக்கிறது. அப்படியானால் அதன் கடிகாரம் வாரம் பூராவும் மெதுவாகத்தானே ஓடியிருக்க வேண்டும்? கூடத்துச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அரை மணி பின்னால் இருந்தது. போனைப் பார்த்தேன். அதுவும் அரை மணி பின்னால். மாப்பிள்ளை சொன்னது அட்சரம் பிசகாமல் சரி என்று உங்களை மெச்சிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த மெச்சல்தான் காரணம். அந்த ஞாயிற்றுக்கிழமை சுவர்க் கடிகாரத்தை நம்பி, நீங்கள் அழைக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டேன், யாரும் வரவில்லை, திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது, எவ்வளவு நேரம்தான் அதையே பார்த்துக்கொண்டிருப்பது, கண் அசந்துவிட்டேன், உங்கள் மனைவி அழைத்தபோது முதலில் பார்த்தது என் திறந்த வாயைத்தான். "அம்மா, என்னம்மா ஆச்சு, நேரம் காலமே தெரியலையா உனக்கு?" என்று அவள் பதறியதும், பக்கத்தில் நீங்கள் "நான் அப்பவே சொல்லல?" என்று முணுமுணுத்ததும் இரண்டுமே தெளிவாகக் கேட்டன. உங்கள் கணினியில் ஒலிவாங்கி நல்ல தரம்.

கடிகாரம் மெதுவாகாமல் இருக்க வேண்டுமானால் கணினிக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே? பழைய படங்களைத் தேடிப் பிடித்து, சத்தத்தை அணைத்துவிட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக ஓடவிட்டேன். நான் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் கதாநாயகர்கள் ஆளில்லாத அறையில் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். அது சூடேறி உள்ளே விசிறி இரைய ஆரம்பித்தது. மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்து, "தண்ணி மோட்டாரை அணைக்க மறந்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். நான் எதையும் மறப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, இரைச்சல் கேட்காமல் இருக்க அதைப் பஞ்சுத் தலையணைமேல் வைத்து, சார்ஜரைத் தலையணைக்கு அடியில் செருகினேன்.

மறுநாள் சாயங்காலம் தீய்ந்த வாசனை வந்தது. மாப்பிள்ளை, இந்த இடத்தை மட்டும் உங்கள் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் யோசித்து யோசித்து எதுவும் செய்யவில்லை. சுவர் சுவிட்சை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், சமையலறைத் துணியால் கணினியைத் தூக்கிப் பால்கனித் தரையில் வைத்தேன், புகைந்த தலையணையைக் குளியலறையில் போட்டுக் குழாயைத் திறந்தேன். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மருந்துக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து கணினிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஊத்தட்டுமா மேடம்?"

"அணைஞ்சுபோனதுமேல எதுக்கு ஊத்தறீங்க? நீங்க பரீட்சை எழுதித்தானே கடை வச்சீங்க?"

அவர் வாளியை வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, உள்ளே கூடத்துச் சுவரைப் பார்த்தார். "என்ன மேடம், இந்தக் கடிகாரம் இன்னும் ஐயாவுக்காகத்தான் ஓடுதா?"

உங்கள் மாமனார் ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. அவருக்காக நான்தான் அந்தக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தேன். அவர் போன பிறகு அதைத் திருப்பி வைக்க மனம் வரவில்லை. அது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கணினியும் போனும் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. நீங்கள் சொன்ன கடிகாரம் வேறு, மணி காட்டும் கடிகாரம் வேறு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்களை க்ளாக் என்றே சொல்ல விட்டிருந்தால் ஒரு தலையணை பிழைத்திருக்கும். அந்த அளவுக்கு என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலை இல்லாதபோது மெதுவாகிவிடும் ஒன்றைச் செய்து கொடுத்ததற்காக உங்கள் கம்பெனி மேடையேற்றிக் கேடயம் கொடுத்தது. கேடயத்தின் படம் என்னிடம் இருக்கிறது. அதையே நான் செய்தால் வீட்டைப் பூட்ட வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் வந்திருந்தபோது காலை உணவில், "இன்னொரு இட்லி போட்டுக்கறீங்களா அத்தை?" என்று கேட்டீர்கள்; அதற்கு நான் முழு வேகத்தில் பதில் சொல்ல வேண்டுமா? இந்த வீட்டில் என்னை அவசரப்படுத்த ஆள் இல்லை. அதனால் நிதானமாக ஓடுகிறேன். தலையணை தீய்ந்தபோது தாவினேனா இல்லையா? திறமையே அதில்தான் இருக்கிறது என்று சொன்னவர் நீங்கள். கணினிக்குக் கொடுக்கும் மரியாதையை மாமியாருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆகவே வீடு திறந்தே இருக்கட்டும், நான் இங்கேயே இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அழைப்பை மட்டும் இனி தவறவிடாதீர்கள். அப்படித் தவறவிடுவது படித்தவர்களுக்கு அழகல்ல.

என் மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் திரையை விட்டு எழுந்து கொஞ்சம் நடங்கள். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பி.கு.: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தவள், "ஞாயித்துக்கெழமை எவன்மா திறப்பான்?" என்றாள். அவளை நம்பாமல் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து பார்த்தேன். மூலையில் அதுவும் ஞாயிறு என்றுதான் சொல்கிறது. ஆகவே நேற்று சனிக்கிழமை. நீங்கள் எந்த அழைப்பையும் தவறவிடவில்லை. அழைப்பு இன்று மாலைதான். உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன்; மேலே அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். கடிதம் நாளைக்குத்தான் போகும். இன்று மாலை பேசும்போது இதைப்பற்றி நான் வாயைத் திறக்கமாட்டேன். படித்த பிறகு நீங்களும் என் மகளிடம் சொல்ல வேண்டாம். சொல்லியே ஆக வேண்டுமென்றால், சிக்கனம் என்று சொல்லுங்கள். இனி வாரத்துக்கு ஒரு அழைப்பு என்பதை இரண்டாக்க முடியுமா என்று பாருங்கள். அழைக்கும்போதெல்லாம், நலமா என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் யாராவது சொல்லிவிட்டால் நல்லது.