கிழக்குப் பார்த்த டேட்டாபேஸ்

பகல் கனவு காண்பவனை நம்பி யாரும் மாங்காய் மண்டியை ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்தவர் முனிரத்தினம் அண்ணன். கனவு கண்டவன் நான்.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டுத் திருப்பதிக்கு வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. சித்தூர், பங்காருபாளையம், திருப்பதி என்று அவருடைய மூன்று மண்டிகளிலும் ஏல விலை ஒரே நேரத்தில் திரையில் தெரிய வேண்டும். இது ஊத்திக்கொண்டால் பழைய மேனேஜரிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்று என் மனைவி சுகுணா சொல்லியிருந்தாள்.

மொட்டைமாடியில் உட்கார்ந்து, திருமலை மேல் மேகம் படுத்துக் கிடப்பதைப் பார்த்தபடி எந்த கிளவுட் நல்லது என்று பல நாள் யோசித்தேன். (யோசித்தேன் என்பது மரியாதைக்கு. தூங்கினேன்.) விலைப்பட்டியலின் மூன்று பிரதிகள் மூன்று ஊர்களில் இருக்கும், ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் விழித்திருக்கும். நினைக்க நினைக்க இதமாக இருந்தது. பாம்பே, சிங்கப்பூர் என்று இடம் குறித்த வரைபடத்தோடு அண்ணனிடம் போனேன்.

“பாம்பே நமக்கு எந்தப் பக்கம் கீது?” என்று கேட்டார்.

“வடமேற்கு அண்ணா.”

“வாயு மூலை. வெச்சது நிக்காது. சிங்கப்பூரு?”

“தென்கிழக்கு.”

“அக்னி. வேணாம் நைனா, மாங்கா வெந்துடும். கெழக்கால பாரு.”

தலையாட்டிவிட்டு வந்து தேடினேன். சித்தூர் மண்டிக்கு நேர் கிழக்கே, சென்னையில், ஒரு சின்ன கம்பெனி அகப்பட்டது. அவர்களுக்கு இருந்ததே ஒரு கட்டடம். மூன்று பிரதிகளையும் அதிலேயே வைத்துவிட்டு, மூன்று குழந்தைகளை ஒரே பாயில் தூங்கவைத்த நிம்மதியோடு மறுபடி மாடிக்குப் போனேன்.

சீசன் உச்சத்தில், ஒரு காலை, அந்தக் கட்டடத்துக்குள் மழைத் தண்ணீர் புகுந்தது. மூன்று மண்டிகளிலும் திரை வெளுத்துப் போனது. ஏலம் நின்றது, வெளியே லாரிகள் நின்றன, நடுவில் நான் நின்றேன். அந்த நேரத்திலும் பழ வாசனை என்னைச் சொக்க வைத்தது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

“நீங்க சொன்ன கெழக்குதானே அண்ணா...” என்று இழுத்தேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தெசைதான் நான் சொன்னன். மூணு மாட்டையும் ஒரே கொட்டாயில கட்டுன்னா சொன்னன்? படிச்சவன் நீயா, நானா?”

சாயங்காலம்வரை சாக்பீஸால் பலகையில் விலை எழுதி, மற்ற இரண்டு மண்டிகளுக்கும் போனில் தொண்டை கிழியக் கத்தினேன். அதனால் வேலை தப்பியது. (பிறகு பிரதிகளை மூன்று ஊர்களுக்குப் பிரித்தேன். எந்த மூலை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

இப்போதெல்லாம் திருமலைக்குப் போனால் சுகுணா எங்கள் நான்கு ஜோடிச் செருப்புகளையும் நான்கு இடங்களில் விடுகிறாள். “ஒரே எடத்துல வெச்சா உங்க நைனா கதைதான்” என்று பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். தரிசனம் முடிந்து வந்து தேடினால் மூன்று ஜோடி கிடைத்துவிடும். கிடைக்காதது எப்போதும் என்னுடையது.