பகல் நித்திரை கேட்ட சுஜிந்தன்

வேலை போன அன்று சுஜிந்தன் அழவில்லை. கொட்டாவி விட்டான்.

அது ஜன்னல் செய்யும் தொழிற்சாலை. இயந்திரங்கள் எல்லாம் போலந்துக்குப் போகப் போகின்றன, ஆட்களுக்கு இனி இங்கே வேலை இல்லை என்று மேலாளர் துக்க முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். சுஜிந்தனின் மனமோ அந்த நேரத்தில் வீட்டு சோபாவில் சாய்ந்திருந்தது. பல வருடங்களாக அவனுக்கு இரவு வேலை. இரவில் கண்ணாடி தூக்குவான். பகலில் பிள்ளைகளைத் தூக்குவான். இடையில் கிடைக்கும் நித்திரை, கடைசியாகத் தட்டில் மிஞ்சும் மிக்சர் மாதிரித் தூளும் துணுக்குமாக இருக்கும்.

சில்க்போர்க் என்ற டேனிஷ் நகரத்தில் அவர்களுடைய வீடு ஏரிக்குப் பக்கத்தில். மத்தியானத்தில் தண்ணீரின் வெளிச்சம் ஜன்னலால் ஏறி வந்து கூரையில் நெளியும். அதைப் பார்த்தபடியே கண் சொக்க வேண்டும். ஏரியில் விழுந்த இலை போல, எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஒரு முழு மத்தியானம் மிதக்க வேண்டும். அவ்வளவுதான். அவனுக்கு வேறு பெரிய ஆசைகள் கிடையாது.

மனைவி கஜந்தி முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே செய்தியைக் கேட்டாள். ஒரு நிமிடம் யோசித்தாள்.

“சரி, பரவாயில்லை. வீட்டிலைதானே நிக்கப்போறியள். பிள்ளையள் இனி பேர்னஹாவுக்குப் போகத் தேவையில்லை. உங்களோடையே நிக்கட்டும்.”

பேர்னஹாவ என்பது பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடம். நாலு வயது ஜெனனியும் ஒன்றரை வயது றொனிஷனும் அங்கேதான் போய் வந்தார்கள்; மத்தியானமே சுஜிந்தன் போய்க் கூட்டி வந்துவிடுவான். இப்போது அவனுடைய மனக்கண்ணில் சோபா மெல்ல ஏரிக்குள் மூழ்கியது.

அடுத்த நாள் அவன், வேலை இழந்தவர்களுக்குக் காசு கொடுக்கும் ஆ-காஸவின் சட்டத்தோடு வந்தான்.

“இஞ்சை பாரும் கஜந்தி. ஆ-காஸ சும்மா காசு தராது. வேலையில்லாதவனுக்கு ஒரு சட்டம் வைச்சிருக்கு.”

“என்ன சட்டம்?”

“நாளைக்கு வேலை எண்டு கூப்பிட்டால் நாளைக்கே போகோணும். பிள்ளை பாத்துக்கொண்டு வீட்டிலை இருக்கிறவன் எப்பிடிப் போவான்? அவனுக்கு ஒண்டும் இல்லை.”

“அப்ப பிள்ளையள்?”

“காலமை விட்டால் கதவு பூட்டுற நேரம்தான் எடுக்கோணும். எனக்குப் பாக்க ஆசைதான், கஜந்தி. சட்டமெல்லோ விடுகுதில்லை.”

சட்டம் அப்படித்தான் சொன்னது. கதவு பூட்டுகிற நேரத்தை மட்டும் சுஜிந்தன் தன் பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டான்.

கஜந்தி கோபப்படவில்லை. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

“சட்டம் எண்டால் சட்டம்தானே,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சில நாட்கள் சொர்க்கம். மத்தியானங்கள் தேன் போல மெதுவாக வடிந்தன. கூரையில் வெளிச்சம் நெளிந்தது. இலை மிதந்தது. எங்கோ ஒரு படகின் மணி கனவுக்குள் வந்து அடித்துவிட்டுப் போனது. அந்தக் கனவில் அவனை யாரும் “அப்பா” என்று கூப்பிடவில்லை.

பிறகு ஆ-காஸவிலிருந்து கணினியில் முகம் பார்த்துக் கதைக்கும் நாள் வந்தது. கஜந்திக்கு அன்று விடுமுறை. பேர்னஹாவின் கோடை விழாவுக்காகக் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். குசினி மேசையிலேயே கணினி. திரையில் ஓர் இளம் டேனிஷ்காரி.

“பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்?” என்று அவள் கேட்டாள்.

“பேர்னஹாவ! காலையிலிருந்து மாலை வரைக்கும். பகலில் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை,” என்று சுஜிந்தன் தன் சிறந்த டேனிஷில் சொன்னான்.

“என்ன வேலை செய்ய விருப்பம்?”

“எந்த வேலையும். நாளைக்குக் கூப்பிட்டால் நாளைக்கே!” நெஞ்சில் கையும் வைத்தான்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. இப்படி ஒருவரைக் காண்பது அருமை என்றாள். பின்னால் எண்ணெயில் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி அசைந்தது.

விழா முடிந்து கஜந்தி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தாள். சுஜிந்தன் சோபாவில் கிடந்தான். இமை பாதி இறங்கியிருந்தது.

“இஞ்சேருங்கோ, டோர்தேக்கு என்ரை ரோல்ஸ் நல்லாப் பிடிச்சுப்போச்சு.”

“ஆர் டோர்தே?”

“பேர்னஹாவத் தலைவியப்பா. பாவம், அவவுக்குப் பெரிய கரைச்சல். அங்கை வேலை செய்யிற ஒரு பிள்ளை பிரசவ லீவிலை போகுதாம். ஆள் கிடைக்கேல்லையாம்.”

“ம்... பாவம்.”

“நாளைக்கே ஆள் வேணுமாம்.”

“ம்.”

“எந்த வேலையும் செய்யிற மனுசன் ஒருத்தர் எங்கடை வீட்டிலை சும்மா இருக்கிறார் எண்டன்.”

இலை ஏரியிலிருந்து துள்ளி எழும்பியது.

“என்னைக் கேக்காமலோ!”

“நெஞ்சிலை கை வைச்சுச் சொன்னது நீங்கள். இப்ப போய் ஆ-காஸக்கு என்ன சொல்லப்போறியள்? நித்திரை வருது எண்டோ?”

“எனக்குப் பிள்ளை பாத்துப் பழக்கமில்லை எண்டு சொல்லலாம்.”

“டோர்தேட்டை? ஒண்டைத் தோளிலும் மற்றதை இடுப்பிலும் வைச்சுக்கொண்டு, கண் சிவக்கச் சிவக்க மத்தியானத்திலை போற மனுசனை அவவுக்குத் தெரியாதோ? உங்கடை பேரைச் சொன்ன உடனையே ஓம் எண்டிட்டா.”

சுஜிந்தன் வாயைத் திறந்தான். கஜந்தி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய குரல் இறங்கியது.

“வேறை தொழிற்சாலை கூப்பிட்டால் திரும்பவும் இரவு வேலைதான். எனக்கு அது போதுமப்பா. நீங்கள் வாறதும் நான் போறதும், வாசலிலை பஸ் மாத்திற சனம் மாதிரி. இது பகல் வேலை. இரவிலை மனுசர் மாதிரிப் படுக்கலாம்.”

அவன் சோபாவை ஒருதரம் தடவிப் பார்த்தான்.

“பகலிலை கொஞ்சமாவது சாயலாமோ அங்கை?”

“அங்கை எல்லாரும் மத்தியானம் நித்திரைதானே,” என்றாள் கஜந்தி.

அது உண்மைதான். அடுத்த நாள் மத்தியானம் டோர்தே அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். ஆப்பிள் மரங்களுக்குக் கீழே குழந்தை வண்டிகள் வரிசையாக நின்றன. இந்த நாட்டில் கைக்குழந்தைகள் வெளிக்காற்றில்தான் படுப்பார்கள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் கம்பளிக்குள் ஒரு சின்ன மூக்கு. மூன்றாவது வண்டியில் றொனிஷன், உலகமே தன்னுடையது என்பது போலக் கையை விரித்துக் கிடந்தான். “இவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்,” என்று ஒரு கதிரையைக் காட்டிவிட்டு டோர்தே போய்விட்டாள்.

சுஜிந்தன் உட்கார்ந்தான். இலைகளுக்கு ஊடாக வெளிச்சம் நெளிந்தது, கூரையில் நெளிந்த அதே வெளிச்சம். ஒரு புறா கூவியது. இத்தனை மூச்சுகள் ஒன்றாக ஏறி இறங்கும் சத்தம் ஏரி அலை போல வந்து அவனைத் தொட்டது. எவ்வளவு நல்லவள் கஜந்தி! இமைகள் இறங்கின. இலை மெல்ல மெல்ல நடு ஏரிக்கு...

யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

கண்ணைத் திறந்தான். பகல் நித்திரைக்கு வயது கடந்துவிட்ட ஜெனனி, பக்கத்தில் ஒரு குட்டிக் கதிரையைப் போட்டு, கை கட்டி உட்கார்ந்திருந்தாள். டேனிஷில் மெதுவாக, மற்றப் பிள்ளைகள் எழும்பாதபடி சொன்னாள்:

“எல்லாரும் நித்திரை கொள்ளலாமாம். நீங்கள் மட்டும் கொள்ளாமல் நான் பாக்கோணுமாம். அம்மா சொன்னவ.”